'வெரி' எங்கிருந்து வந்தது? லத்தீன் வேர் சொல்வது பாதிக் கதைதான்

கேள்வி இது: "ஆங்கிலத்தில் 'மிக' என்ற பொருளில் வழங்கும் 'வெரி' என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது என்கிறார்கள். லத்தீனிலும் அதற்கு 'மிக' என்றுதான் பொருளா? தமிழ் 'வெறி'யோடு அதற்கு உறவு ஏதேனும் உண்டா?"

வேர் லத்தீன்தான். 'வேருஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு 'உண்மையான' என்று பொருள். ஆனால் 'மிக' என்று சொல்ல லத்தீன்காரர்கள் அந்தச் சொல்லை நாடவில்லை. அந்த வேலைக்கு அவர்களிடம் வேறு சொற்கள் இருந்தன. லத்தீனின் மகளான பிரெஞ்சு மொழியிலும் அது இன்றுவரை 'உண்மையான' என்ற பொருளிலேயே நிற்கிறது. 'மிக' என்ற பொருள் ஆங்கிலத்துக்குள் வந்த பிறகுதான் பிறந்தது. அகராதியில் 'லத்தீன் வேருஸ்' என்று ஒரு வரியைப் பார்த்துவிட்டு நூலை மூடிவிட்டால், இந்தச் சொல்லின் வாழ்க்கையில் மிகச் சுவையான பகுதி கைநழுவிப் போகும். 'வெறி'யைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

முதலில் பாதையைப் பார்ப்போம். வேருஸ் என்பதிலிருந்து 'வேராக்ஸ்' என்று இன்னொரு சொல் லத்தீனில் உண்டு. 'உண்மை பேசுகிற' என்று பொருள். இதன் பேச்சு வழக்கு வடிவம் 'வேராகுஸ்' என்பது போல இருந்திருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் கணிப்பு. எழுத்தில் கிடைக்காத வடிவம் என்பதால் அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி இட்டு எழுதுவார்கள். இது வெறும் ஊகமோ என்று தோன்றலாம். இல்லை. லத்தீனில் 'ஆகும்' என்று முடிந்த ஊர்ப்பெயர்கள் வட பிரான்ஸ், பெல்ஜியம் பகுதியில் என்ன ஆயின என்று பாருங்கள்: 'டோர்னாகும்' இன்று டூர்னே, 'கமராகும்' இன்று காம்ப்ரே. இரண்டு உயிர்களுக்கு நடுவே சிக்கிய ககரம் மெலிந்து, யகரமாகி, கரைந்து போகிறது. அதே விதியில்தான் 'வேராகு' என்பது பழைய பிரெஞ்சில் 'வெராய்' ஆனது. பிரெஞ்சில் பின்னர் முதல் உயிரும் விழுந்து இன்றைய 'வ்ரே' ஆயிற்று. இங்கிலாந்தில் 1066-க்குப் பிறகு ஆட்சிக்கு வந்த நார்மன்கள் பேசிய பிரெஞ்சில் அது 'வெர்ராய்' என்று இரட்டை ரகரத்தோடு ஒலித்தது. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலம் அதைக் கடன் வாங்கியது. வாங்கும்போது அது பெயரடை. பொருள்: உண்மையான, மெய்யான, அசலான. அவ்வளவுதான்.

இங்கே ஒரு வரியை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய கேன்டர்பரி கதைகளின் முன்னுரையில் யாத்திரிகர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துகிறார். முதலில் வருபவர் ஒரு போர்வீரர். அலெக்சாண்டிரியாவிலும் பிரஷ்யாவிலும் கிரனடாவிலும் போரிட்டவர். ஆனால் பெண்பிள்ளை போல அடக்கமானவர். யாரிடமும் கடுஞ்சொல் பேசியறியாதவர். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கவிஞர் முத்தாய்ப்பாக ஒரு வரி எழுதுகிறார். அக்கால உச்சரிப்பை ஒட்டி எழுதினால்: "ஹே வாஸ் அ வெர்ராய் பார்ஃபிட் ஜென்டில் க்னிஹ்ட்."

இன்றைய ஆங்கிலம் தெரிந்தவர் இதை 'அவர் மிகவும் பூரணமான, மென்மையான வீரர்' என்று படித்துவிடுவார். சாசர் சொன்னது அதுவன்று. 'அவர் மெய்யான, குறையற்ற, உயர்குடிப் பண்புள்ள வீரர்' என்பதே பொருள். மூன்று பெயரடைகள் வரிசையாக நிற்கின்றன. மூன்றும் தனித்தனியாக வீரரைத்தான் சிறப்பிக்கின்றன. அச்சுப் பதிப்புகளில் முதல் சொல்லுக்குப் பின் ஒரு காற்புள்ளி இருக்கும். அது பிற்காலப் பதிப்பாசிரியர்கள் நமக்கு உதவியாகப் போட்டது. கையெழுத்துப் பிரதியைப் படித்தவருக்கோ, ஒருவர் வாசிக்கக் கேட்டவருக்கோ அந்த உதவி இல்லை. 'வெர்ராய் பார்ஃபிட்' என்று இரண்டு சொற்கள் அடுத்தடுத்துக் காதில் விழுகின்றன. முதல் சொல் வீரரைச் சிறப்பிக்கிறதா, அல்லது பக்கத்தில் இருக்கும் 'குறையற்ற' என்பதை அழுத்துகிறதா? இரண்டு விதமாகவும் கொள்ளலாம். எப்படிக் கொண்டாலும் வாக்கியம் கெடாது. 'மெய்யான குறையற்ற வீரர்' என்றாலும் 'மெய்யாகவே குறையற்ற வீரர்' என்றாலும் கேட்பவருக்குக் கிட்டத்தட்ட ஒரே சித்திரம்தான். இப்படிப்பட்ட இடங்களில்தான் இலக்கணம் மாறுகிறது. யாரும் முடிவெடுத்து மாற்றுவதில்லை. ஒரு தலைமுறை பெயரடையாகச் சொன்னதை அடுத்த தலைமுறை வினையடையாகக் கேட்டுக்கொள்கிறது. 15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் 'மிக' என்ற பொருள் தெளிவாகவே காணக் கிடைக்கிறது.

உண்மை எப்படி அளவாக மாறும் என்று கேட்கலாம். நம் பேச்சில் ஒரு சொல் இதே வேலையைச் செய்கிறது: 'சரியான'. 'அவன் சரியான முட்டாள்' என்கிறோம். முட்டாளிடம் சரி தவறு ஏது? முட்டாள் என்ற பெயருக்கு அவன் முழுக்கப் பொருந்துகிறான் என்று நாம் உறுதி கூறுகிறோம். பெயருக்கு முழுக்கப் பொருந்துகிறவன் அந்தக் குணம் நிறைய உள்ளவனாகத்தான் இருப்பான். 'சரியான வெயில்' என்றால் கடும் வெயில். இலங்கைத் தமிழில் இது இன்னும் ஓரடி முன்னே போய்விட்டது. அங்கே 'சரியான குளிர்' என்பதோடு நில்லாமல், 'சரியாகக் குளிர்கிறது' என்றாலும் 'மிகவும் குளிர்கிறது' என்பதே பொருள். பெயரடை வினையடையாகவும் ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் 'வெரி' நடந்த வழி இதுதான். ஒன்றை 'உண்மை' என்று சத்தியம் செய்யும் சொல், அது 'நிறைய' இருக்கிறது என்று அளந்து காட்டும் சொல்லாகிறது. சத்தியம் செய்யும் தேவை நாளடைவில் மறைய, அளவு மட்டும் மிஞ்சுகிறது.

'வெரி' வருவதற்கு முன் ஆங்கிலத்தில் 'மிக' என்று எப்படிச் சொன்னார்கள்? இதைக் காட்ட எனக்குத் தெரிந்த மிக அழகான சான்று விவிலியத்தின் ஒரே ஒரு வசனம். ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் கடைசி வசனம்: படைப்பை முடித்த இறைவன் தாம் உண்டாக்கிய எல்லாவற்றையும் பார்க்கிறார். தமிழில் "அது மிகவும் நன்றாயிருந்தது" என்று வரும் இடம். லத்தீன் விவிலியத்தில் அந்த இடத்தில் உள்ள சொல் 'வால்தே'. 'வலிமையாக' என்ற பொருளிலிருந்து தேய்ந்து 'மிக' ஆன சொல் அது. வேருஸ் அங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி ஆங்கிலம். ஏறக்குறைய 1000-ஆம் ஆண்டில் எல்ஃப்ரிக் என்ற துறவி இந்தப் பகுதியைப் பழைய ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவர் எழுதியது 'ஸ்வீதெ கோடெ'. 'ஸ்வீதெ' என்பதற்கும் மூலப்பொருள் 'வலிமையாக' என்பதுதான். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்ளிஃப் வட்டத்தாரின் மொழிபெயர்ப்பில் 'ஸ்வீதெ' காணோம். 'ஃபுல் குட்' என்று இருக்கிறது. 1530-இல் வில்லியம் டின்டேல் 'எக்சீடிங் குட்' என்று எழுதினார். 1560-இன் ஜெனிவா விவிலியம் 'வெரி குட்' என்கிறது. 1611-இல் ஜேம்ஸ் மன்னர் காலத்துப் பதிப்பும் 'வெரி குட்' என்றே வைத்துக்கொண்டது. ஏறக்குறைய 560 ஆண்டுகளில் ஒரே இடத்தில் நான்கு சொற்கள்! நம் ஆசிரியர்கள் நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதித் தந்த 'வெரி குட்' இந்த வரிசையில் கடைசியாக வந்து உட்கார்ந்தது.

'ஃபுல்' என்பதற்கு 'நிறைந்த' என்று பொருள். நிரம்ப என்ற சொல் நம் பேச்சில் 'ரொம்ப' ஆனதை நினைத்துக்கொண்டால் இது விளங்கிவிடும். வலிமை, நிறைவு, மிஞ்சுதல், உண்மை என்று மொழிகள் இந்த வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்கள் சில உண்டு. இன்னொரு இடம் வலி. ஜெர்மன் மொழியில் 'மிக' என்பதற்கு 'ஸேர்' என்கிறார்கள். அதன் பழைய பொருள் 'வலிக்கும்படி'. ஆங்கிலத்தில் புண்ணைக் குறிக்கும் 'சோர்' அதன் உடன்பிறப்பு. அதே 1611 பதிப்பில் மேய்ப்பர்கள் 'சோர் அஃப்ரெய்ட்' ஆனார்கள் என்று வருவது 'மிகவும் பயந்தார்கள்' என்ற பொருளில்தான். லத்தீனின் நேர்வாரிசுகளைப் பார்த்தால் பிரெஞ்சின் 'த்ரே' என்பது 'அப்பால்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்தும், ஸ்பானிய 'முய்', இத்தாலிய 'மோல்தோ' இரண்டும் 'பல' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்தும் வந்தவை. உண்மையை 'மிக' என்ற வேலைக்கு முழுநேர ஆளாக அமர்த்தியது லத்தீன் பெற்ற பிள்ளைகளுள் இவை எதுவுமன்று. ஜெர்மானியக் குடும்பத்துப் பிள்ளையான ஆங்கிலம்.

பழைய பொருள் ஒரே நாளில் செத்துவிடவில்லை. 'வெரி குட்' என்று எழுதிய அதே 1611 பதிப்பில், அதே ஆதியாகமத்தில், 27-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். பார்வை மங்கிய ஈசாக்கு, மூத்த மகன் ஏசாவுக்கு ஆசி வழங்கக் காத்திருக்கிறார். தாயின் யோசனைப்படி இளையவன் யாக்கோபு ஆட்டுக்குட்டித் தோலைக் கைகளில் சுற்றிக்கொண்டு, அண்ணன் வேடத்தில் வந்து நிற்கிறான். குரலில் சந்தேகம் கொண்ட கிழவர் 'கிட்டே வா, தடவிப் பார்க்கிறேன்' என்கிறார். 'நீ என் வெரி சன் ஏசாவா, இல்லையா?' என்பது அந்த ஆங்கிலம். 'மிக மகன்' என்று ஒருவன் இருக்க முடியாது. 'என் மெய்யான மகன் ஏசாதானா?' என்பதே கேள்வி. தமிழ் விவிலியத்தில் 'ஏசாதானோ அல்லவோ' என்று இருக்கும். அந்தத் 'தான்' சுமக்கும் உறுதியை ஆங்கிலத்தில் 'வெரி' சுமக்கிறது. ஒரே நூலில் இருபத்தாறு அதிகார இடைவெளியில் சொல்லின் பழைய பொருளும் புதிய பொருளும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. எனக்கு இந்தச் சொல்லின் வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது.

ஆங்கிலத் திருச்சபையின் 1549-ஆம் ஆண்டு வழிபாட்டு நூலில் விசுவாச அறிக்கை 'வெரி காட் ஆஃப் வெரி காட்' என்கிறது. இன்றும் பலர் இதைப் பொருள் தெரியாமல் ஓதுவதைக் கேட்டிருக்கிறேன். லத்தீன் வடிவத்தில் வேருஸ் என்ற சொல்லே நேராக நிற்கும் வாசகம் அது. 'மெய்யான கடவுளிடமிருந்து வந்த மெய்யான கடவுள்' என்று பொருள். ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப், 'மென்று தின்னும் பல் படைத்தவர்களிலேயே நான்தான் வெரியஸ்ட் அயோக்கியன்' என்கிற பொருளில் ஓரிடத்தில் பேசுகிறான். பெயரடையாக இருந்ததால்தான் ஒப்பீட்டு விகுதியும் ஏற்றிருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் 'திஸ் வெரி டே' என்றால் 'இன்றைக்கே'. 'த வெரி மேன்' என்றால் 'அந்த ஆளேதான்'. இலக்கண நூல்கள் இவற்றை விதிவிலக்கு என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. இவைதாம் மூத்த குடி. 'மிக' என்ற பொருள் பின்னால் வந்து வீட்டைப் பிடித்துக்கொண்டது.

இனி 'வெறி'. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். உறவு கண்டுபிடிக்க ஒலி ஒற்றுமை போதாது. இன்றைய ஒலியை வைத்து ஒப்பிடுவதே தவறு. பின்னோக்கிப் போகப் போக உறவுள்ள சொற்கள் நெருங்கி வர வேண்டும். இவை விலகிப் போகின்றன. 'வெரி' பின்னே போனால் 'வெர்ராய்', பிறகு 'வெராய்', பிறகு 'வேராகு', பிறகு 'வேருஸ்'. லத்தீன்காரர் வாயில் அந்த வகரமும் ஆங்கில 'டபிள்யூ' போல ஒலித்தது. பொருளும் மயக்கத்திலிருந்தோ மூர்க்கத்திலிருந்தோ தொடங்கவில்லை, உண்மையிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு படிக்கும் மொழி, காலம், காரணம் எல்லாம் கைவசம் இருக்கும்போது, நடுவில் தமிழை நுழைக்க இடமே இல்லை. தமிழுக்கு உள்ள பெருமை எதுவும் இதனால் குறைந்துவிடாது.

ஆங்கிலத்துக்குள்ளேயே இப்படி ஏமாற்றும் சொற்கள் உண்டு. 'எவ்ரி' என்பதன் எழுத்துக்கூட்டலில் 'வெரி' முழுதாக இருக்கிறது. ஆனால் அது 'எப்போதும்', 'ஒவ்வொன்றும்' என்ற இரண்டு பழைய ஆங்கிலச் சொற்கள் ஒட்டியது. 'வெர்ப்', 'வெர்பேட்டிம்' இரண்டும் 'சொல்' என்று பொருள்படும் வேறொரு லத்தீன் வேரைச் சேர்ந்தவை. 'வேரி' எனப்படும் வேறுபடுதலும் தனி வேர்.

மெய்யான உறவினர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். பாஸ்போர்ட் எடுக்கப் போனால் 'போலீஸ் வெரிஃபிகேஷன்' என்கிறோமே, அதில் உள்ள 'வெரி'யும் 'வெரி குட்'டில் உள்ள 'வெரி'யும் ஒரே வேர்தான். உண்மை என ஆக்குதல், அதாவது மெய்ப்பித்தல். நீதிமன்றத்தின் 'வெர்டிக்ட்' என்பது 'உண்மையாகச் சொன்னது'. நார்மன் பிரெஞ்சு பேசிய நீதிமன்றங்கள் வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக முத்திரையில் உள்ள 'வெரிதாஸ்' உண்மை என்ற பெயர்ச்சொல். இன்னும் தொலைவில், லத்தீன் பிறப்பதற்கு முந்தைய மூதாதை மொழி வழியாகப் பார்த்தால், ஜெர்மனில் உண்மையைக் குறிக்கும் 'வார்', ரஷ்ய மொழியில் நம்பிக்கையைக் குறிக்கும் 'வேரா' ஆகியவையும் இந்தக் குடும்பம்தான். ஆங்கிலத்தில் மந்திரவாதியைக் குறிக்கும் 'வார்லாக்' என்ற சொல்லின் முற்பகுதியும் இதே. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் வாக்கு மீறியவன்.

ஒரு சிறு விலகல். ஆங்கிலத்துக்கு உண்மையைக் குறிக்கச் சொந்தச் சொல் இல்லாமல் இல்லை. 'சூத்' என்று ஒன்று இருந்தது. குறி சொல்பவரைக் குறிக்கும் 'சூத்சேயர்' என்பதில் இப்போது ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'இருக்கிற' என்ற பொருளுள்ள மிகப் பழைய வேரிலிருந்து வந்தது அது. வடமொழியின் 'சத்', 'சத்தியம்' பிறந்ததும் அதே வேரில்தான். தமிழோடு தொட்டுக்கொள்ளும் உறவு வேண்டும் என்பவர்கள், வடமொழி வழியாக நம் வாயில் புழங்கும் இந்தச் சத்தியத்தைப் பிடித்துக்கொள்ளலாம். இதற்குச் சான்று உண்டு.

'வெரி' போன வழியில் அதன்பின் பல சொற்கள் போயிருக்கின்றன. 'ரியலி' என்பது 'பொருள்' என்று அர்த்தமுள்ள லத்தீன் 'ரேஸ்' வழி வந்தது. முதலில் 'மெய்ம்மையில்' என்றிருந்து இன்று 'ரியலி குட்' என்று அளவு காட்டுகிறது. 'லிட்டரலி' இப்போது அதே பாதையில் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்த்து மொழி கெட்டுப்போகிறது என்று வருந்துபவர்கள் பேசும்போதே இரண்டு முறை 'வெரி' சொல்லிவிடுகிறார்கள்.

ஆங்கிலம் படிக்கும் நம் மாணவர்களுக்கு இந்த வரலாறு நேரடியாகப் பயன்படும் ஓர் இடம் உண்டு. 'எனக்கு ரொம்பப் பிடிக்கும்' என்பதை அப்படியே மனத்தில் வைத்துக்கொண்டு 'ஐ வெரி லைக் இட்' என்று எழுதிவிடுகிறார்கள். தவறு என்று அடித்துத் திருத்துகிறோம், காரணம் சொல்வதில்லை. தமிழின் 'ரொம்ப' வினைச்சொல்லோடும் சேரும், பண்போடும் சேரும். 'வெரி' பிறந்ததோ பெயர்ச்சொல்லுக்கு முன்னே பெயரடைகள் நின்ற வரிசையில். அங்கே அதற்குப் பக்கத்தில் இருந்தது இன்னொரு பெயரடைதான், வினைச்சொல் அன்று. ஆகவே அது பண்புச் சொற்களையும் மற்ற வினையடைகளையும் அழுத்துகிறது. வினைச்சொல்லின் மீது நேராக ஏறுவதில்லை. வினையை அழுத்த வேண்டுமானால் அளவு காட்டும் 'மச்' துணைக்கு வர வேண்டும்: 'ஐ லைக் இட் வெரி மச்'. வகுப்பில் சாசரின் அந்த ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதி, மூன்று பெயரடைகளின் கீழும் கோடு போட்டுக் காட்டினால் போதும். காரணம் தெரிந்துகொண்ட மாணவர் இந்தத் தவற்றை மறுபடி செய்வது குறைவு.